ஒன்பதாவது அழைப்பு

என் மகள் ஒரு தரம் கூப்பிட்டால் வருகிறவள் அல்ல. நாலு வயதில் எந்தப் பிள்ளைதான் ஒரு தரத்தில் வருகிறது என்று நானும் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காசிமேட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மணல், மணலைத் தாண்டிக் கட்டுமரங்கள், தெற்கே துறைமுகத்துக் கிரேன்கள். ஒரு கட்டுமரத்தின் நிழலில் அவள் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். "அடைக்கலம்" என்று கூப்பிடுவேன். தலை நிமிரும். என்னைப் பார்ப்பாள். ஆனால் எழுந்திருக்க மாட்டாள். அந்தப் பார்வையில் அடம் இல்லை. குழாயடியில் தன் முறைக்காக நிற்கிறவர்களின் பொறுமைதான் இருந்தது.

ஒருநாள் விரல்விட்டு எண்ணினேன். ஒன்பதாவது அழைப்பில் எழுந்து வந்தாள். மறுநாளும் ஒன்பது. என் கணவர் ஜேக்கப் கூப்பிட்டபோதும் ஒன்பது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர், நாளெல்லாம் இரைச்சலில் நின்று பழகியவர். அவருக்கு எல்லாமே சிரிப்பு.

"உம் பொண்ணு தொரசானிம்மே. ஒம்போது சலாம் வெச்சாதான் எறங்கி வருவா."

அன்று சோறு பிசைந்து ஊட்டும்போது கேட்டேன். "ஏண்டி, ஒரு தரம் கூப்டா வர மாட்டியா?"

"அவங்க போவட்டும்னு இருந்தேம்மா."

"எவங்க?"

"சின்னவங்க" என்றாள். அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.

அவளுக்கு அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. எங்கள் வீடுகளில் பெயர் நாளிலிருந்து வரும், இல்லையென்றால் நேர்ச்சையிலிருந்து. நான் வியாகுல மாதா திருநாளில் பிறந்தேன். அதனால் வியாகுலம். பிள்ளைக்குத் துக்கம் என்று பெயர் வைக்கிறோமே என்று என் அப்பா ஒரு கணமும் யோசித்திருக்க மாட்டார். நான் யோசித்தேன். என் பிள்ளைக்கு நானே பார்த்து ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று கர்ப்பத்தின் ஒன்பது மாதமும் ஒரு பெயரை நாக்கிலேயே வைத்திருந்தேன். அது இப்போது எனக்கு நினைவில்லை.

நாற்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் அவள் நீலம் பாரித்துப் பிறந்தாள். அழவில்லை. மருத்துவச்சி மதலேனம்மாள் செம்புத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றி, "அடைக்கலம், உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். சாகிற பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் போகக்கூடாது. சாமியார் வர நேரமில்லாவிட்டால் யாரும் கொடுக்கலாம். ஆனால் பிள்ளை அழுதது, பிழைத்தது. ஊற்றின தண்ணீர் ஊற்றினதுதான், மறுபடி கொடுக்க முடியாது என்று கோயிலில் சாமியார் சொன்னார். பெயர் நின்றுவிட்டது.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நாலு வருஷம் கழித்துக் கேட்கப் போனேன். மதலேனம்மாள் கிணற்றடியில் பிரசவத் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"போற புள்ளைங்களுக்கு அதாம்மே பேரு" என்றாள், துணியைப் பிழிந்துகொண்டே. "ஆணா பொண்ணான்னு பாத்துகினு நிக்க நேரம் ஏது? ரெண்டுக்கும் ஒத்துவரும். போற எடத்துல அடைக்கலம் கெடைக்கட்டும்னு வெக்கறது. உன்னுதுக்கு முன்னாடி எட்டு. எட்டும் பூட்ச்சி. உன்னுதுதான் பொழச்சுகினு கீது."

நல்ல சேதி சொல்லுகிற முகத்தோடு என்னைப் பார்த்தாள். நான் எட்டு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அதன்பின் அவளை அம்மு என்று கூப்பிட்டுப் பார்த்தேன். எத்தனை தரம் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. "அம்மு யாரும்மா? நம்ம வூட்டுக்கு வருதா?" என்று கேட்டாள். அதையும் விட்டுவிட்டேன்.

ஒன்பதுக்கு நான் பழகியும் போனேன். முதல் எட்டுத் தரம் கூப்பிடும்போது என் குரலே மாறுவதைக் கவனித்தேன். அதட்டல் போய்விட்டது. கைக்குழந்தைகளை அழைப்பது போல மெதுவாகக் கூப்பிட்டேன். ஒரு கணம் வாசலை விட்டு ஒதுங்கியும் நின்றேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பத்தாவது அழைப்பில் வந்தாள். எண்ணிக்கை தவறிவிட்டது என்று நினைத்தேன். அன்று மாலை மதலேனம்மாள் தெருவோடு போனாள்.

"காலீல ஒண்ணு பூட்ச்சிம்மே, ஐஸ் பேக்டரி சந்துல. உம் பொண்ணு பேருதான் வேணும்னு அவங்கம்மா ஒரே அழுவ. அதான் பொழைக்கிற பேருன்னு ஊரே பேசிகினு கீது."

என் மகள் பிழைத்தது பெயரால் என்று நம்பிவிட்டார்கள். அதற்கு முன் போன எட்டை யாரும் பேசவில்லை. ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் வந்தபோது அழைப்பு பதினொன்று ஆகியிருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள், கடல் ஏறி இருந்தது. அவள் கரையோரம் நின்றிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பி என்னைப் பார்த்தாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. அசையவில்லை. நான் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கியபோது ஐந்தாவது அழைப்புதான் ஆகியிருந்தது. என் தோளில் சாய்ந்துகொண்டு, "இன்னும் அஞ்சு பேர் இருந்தாங்கம்மா" என்றாள்.

இனி அந்தப் பெயரில் ஒன்றுகூடச் சேரக்கூடாது. அவளை மார்போடு அணைத்துக்கொண்டு அதை மட்டும்தான் நினைத்தேன்.

பக்கத்து வீட்டுச் சிவந்திக்கு அப்போது ஒன்பதாம் மாதம். தலைப்பிள்ளை. "யக்கா, உம் பொண்ணு பேர எம் புள்ளைக்கும் வெச்சா கோச்சிக்குவியா?" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்பாள். நான் சிரித்து வைப்பேன். சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லுவது?

ஒரு காலையில் வலி எடுத்தது. நான்தான் உடனிருந்தேன். கொடி கழுத்தில் சுற்றிக் குழந்தை வந்தது. மதலேனம்மாள் இரண்டு கையாலும் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த நிறம் தெரியும்.

"தண்ணி ஊத்தும்மே. பேரு தெரியுமில்ல, சொல்லு."

பாயிலிருந்து சிவந்தி சொன்னாள். "அடைக்கலம்னு சொல்லுக்கா."

செம்பு என் கையில் இருந்தது. சுவரில் கோயில் காலண்டர் தொங்கியது, கட்டத்துக்கு ஒரு புனிதர் பெயர். அந்தக் கணத்தில் எந்தப் பெயரைப் பார்த்தாலும் அது எங்கோ ஒரு வாசலில் ஒரு தாய் கூப்பிடுகிற பெயராகத் தோன்றியது. அவள் பிள்ளையும் எழுந்து வராமல் காத்திருக்கும். எனக்கென்று கொடுக்க இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

தண்ணீரை ஊற்றினேன். "வியாகுலம், பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

மதலேனம்மாளின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தேய்த்தது. நெற்றியில் ஊற்றிய தண்ணீர் காய்வதற்குள் குழந்தை அடங்கிவிட்டது. பெண்.

பிற்பகல் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். சிவந்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கஞ்சி கொண்டுபோய் வைத்தேன்.

"அந்தப் பேர வெச்சிருந்தா பொழச்சிருக்கும்" என்றாள், திரும்பாமல். "உம் பொண்ணு பேராச்சே. குடுக்க மனசு வர்ல உனக்கு."

அவள் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து வாசலில் நின்றேன். வெயில் இன்னும் இருந்தது. கட்டுமரத்தருகே அவள் உட்கார்ந்திருந்தாள். அடைக்கலம் என்று கூப்பிட ஆரம்பித்தேன். எட்டு, ஒன்பது, பத்து. நாக்கு உலர்ந்துவிட்டது. பதினொன்றாவதில் அவள் எழுந்தாள். பாவாடையில் மணலைத் தட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

பதினொன்றுதான். பன்னிரண்டு இல்லை. அவளை மடியில் இருத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அன்று முழுவதும் அழாததை அப்போது அழுதேன்.

ஜேக்கப் வேலை முடிந்து வந்திருந்தார். பின்கட்டில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"வியாகுலம், துண்டு எட்தாம்மே."

கேட்டது. துண்டு எதிரே கொடியில்தான் இருந்தது. எழுந்திருக்கலாம். ஆனால் கால் மடக்கி உட்கார்ந்தபடியே இருந்தேன். சோம்பல் இல்லை. கோபமும் இல்லை. அவசரப்படக்கூடாது, சின்னது, அது முதலில் போகட்டும் என்று இருந்தது.

"வியாகுலம், காது கேக்குதா இல்லியா?"

மடியில் இருந்த என் மகள் வாசற்படியைப் பார்த்தாள். அவள் பார்வை அங்கிருந்து மெல்ல நகர்ந்து எங்களைக் கடந்து பின்கட்டுப் பக்கம் போயிற்று. பிறகு என் கன்னத்தைத் தொட்டாள்.

"இப்ப நீ போலாம்மா" என்றாள். "அது பூட்ச்சி."