முதல் போணிக்கு ஒரு சைக்கிள் சீட்டு

நோகாமல் உட்காருவதற்கு என்ன விலை என்று கேட்டால் சுங்கோனோவிடம் உடனே பதில் வரும்: முப்பத்தைந்தாயிரம் ரூபியா.

"பஞ்சு மாதிரிக்கா. உக்காந்தா எந்திரிக்க மனசே வராது," என்று நீலநிறச் சைக்கிள் சீட்டு ஒன்றைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினான். விரல் உள்ளே போய்ச் சாவகாசமாக வெளியே வந்தது.

பொனிரா சீட்டைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். "பத்து."

"பத்தா! பத்துக்கு இதோட போல்ட்டைத் தரேன். மிச்சத்தைக் கனவுல வாங்கிக்கங்க."

"சரி தம்பி, வரேன்."

அவள் திரும்பி இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டுக்குள் சுங்கோனோ எழுந்து நின்றுவிட்டான். சந்தையின் தகரக்கூரைமேல் இன்னும் வெயில் ஏறவில்லை. அவன் விரித்திருந்த சாக்கில் ஒரு நட்டுகூட விற்கவில்லை. அவள்தான் அன்றைக்கு முதல் ஆள். அந்தச் சந்தையில் முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பியவன் பொழுதுசாய ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பது அவன் அப்பா காலத்திலேயே நிரூபணமான விஷயம். யார் நிரூபித்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

"பதினஞ்சு! போணிக்காக, உங்களுக்காக!"

வாங்கிய நோட்டால் சங்கிலி, பெடல், மட்கார்டு, மணி என்று எல்லாச் சாமான்களையும் தட்டிக்கொண்டே போனான். "போ, போ, வித்துப் போ."

"வலிச்சா திருப்பிக் கொண்டாருவேன்," என்றாள் பொனிரா.

"தாராளமாக் கொண்டாங்க," என்றான். நூறு பேரிடம் சொன்ன வார்த்தை. திரும்பி வந்தவர் எவரும் இல்லை.

பொனிராவுக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பத்தொரு வருஷமாகப் பந்துல் டவுனுக்குப் பக்கத்து ஊர்களில் சைக்கிளில் கஷாயம் விற்கிறாள். மஞ்சளும் புளியும் காய்ச்சியது, அரிசியும் கச்சோலக் கிழங்கும் அரைத்தது, சீந்தில் கசப்பு என்று பத்துப் பாட்டில்கள் பின்னால் கேரியர் கூடையில் குலுங்கும். நாளுக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். அந்தச் சைக்கிளில் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, இரண்டு மாதம் முன்பு பழைய சீட்டு நடுவில் பிளக்கும்வரை. புதிதாகப் போட்டது எதிலும் பாதி வழிக்குமேல் உட்கார முடியவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போவாள். கடைசி நிறுத்தம் துணியில் மெழுகால் சித்திரம் எழுதும் பாத்திக் பட்டறை. அங்கே பன்னிரண்டு பெண்கள் எட்டரை மணிக்குக் கஷாயம் குடிப்பார்கள். தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் ஒன்பதே கால். அதற்குள் மோட்டார் சைக்கிளில் வேறொருத்தி வந்து ஊற்றிவிட்டுப் போயிருப்பாள்.

மருமகன் ஜாத்மிகோவுக்கு இதெல்லாம் சாதகமாகப் போயிற்று. அவன் தவணையில் மோட்டார் சைக்கிள் விற்கும் கடையில் வேலை பார்த்தான். யாரைப் பார்த்தாலும் மாதத் தவணையாகத்தான் அவன் கண்ணுக்குத் தெரியும்.

"அம்மா, டவுன்ல ஒருத்தர் காப்பிக்கடை வச்சிருக்கார். பழைய டச்சு சைக்கிள்னா உசுரு. உங்க வண்டிக்கு இருபத்திரண்டு லட்சம் தரேங்கிறார். செவுத்துல மாட்டப் போறாராம்."

"சைக்கிளைச் செவுத்துல மாட்டுனா யாரு ஓட்டுறது, பல்லியா?"

"வயசாயிருச்சும்மா. வலிக்குதுன்னா உடம்பு சொல்லுதுன்னு அர்த்தம்."

"உடம்பு ஒண்ணும் சொல்லல. சீட்டுதான் சொல்லுது."

பேச்சு முற்றியதும் அவளே வாய் கொடுத்து மாட்டிக்கொண்டாள். ஐந்து நாளைக்கு ஒருமுறை பாஹிங் நாளில் சந்தை. நீலச் சீட்டு வாங்கிய பாஹிங்கோடு சேர்த்து நாலாவது பாஹிங்கன்று காப்பிக்கடைக்காரர் வரட்டும். அன்றைக்கு அவள் சந்தையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தால் வண்டி அவருக்கு. ஏறி உட்கார்ந்தபடி வந்தால் ஜாத்மிகோ இதைப் பற்றி இனி வாய் திறக்கக் கூடாது. மகள் ரெத்னோ சாட்சி. ரெத்னோ அம்மாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

நீலச் சீட்டு மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் தொடை இடுக்கில் தோல் உரிந்தது. இரண்டாவது பாஹிங்கன்று விடிந்ததும் விடியாததுமாக அவள் சுங்கோனோ முன்னால் நின்றாள், கையில் சீட்டோடு.

அவனுக்கு வியர்த்தது. போணிக்கு முன்னால் சரக்கு திரும்பி வருவதா! "அக்கா, திருப்புறதுன்னு சொல்லாதீங்க, மாத்துறதுன்னு சொல்லுங்க. இந்தாங்க, இது அதைவிட மெத்து. மேல ரெண்டாயிரம் மட்டும் போடுங்க, போணிக்கு."

மூன்றாவது பாஹிங்கிலும் அதே கதை. இந்த முறை கொடுத்தது உள்ளே களிம்பு மாதிரி ஏதோ அடைத்தது. அதன்மேல் உட்கார்ந்தால் சேற்றில் உட்கார்ந்த மாதிரி அமிழ்ந்தது. அமிழ்ந்த பிறகு நடுவில் முட்டியது. அன்று மாலை ஆத்திரத்தில் தன் தலையணையையே மடித்துச் சீட்டின்மேல் கட்டிவிட்டாள். மறுநாள் முழுக்க அதன்மேல் ஓட்டினாள். அடுத்த நாள் காலையில் இரண்டு கொப்புளம்.

ஊரே சந்தோஷப்பட்டது. தலையணைமேல் உட்கார்ந்தால் பின்புறத்தில் கொப்புளம் வரும் என்று அங்கே குழந்தை நடக்கப் பழகுமுன்பே சொல்லிவிடுவார்கள். ஒருவழியாக அதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது.

"தலை வைக்கிற இடத்துல அதை வச்சா சும்மா விடுமா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"தலையணைக்கு அவ்வளவு ரோஷம்னா ராத்திரி என் குறட்டையை எப்படித் தாங்குது?" என்றாள் பொனிரா. சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்குள் போனதும் தலையணையை வெயிலில் போட்டு, யாரும் பார்க்காதபோது அதனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

நாலாவது பாஹிங்குக்கு முந்தின நாள், பாதி வழியில், வீடு கட்டுகிற இடத்தில் சைக்கிளைச் சாய்த்தாள். இரவு மழையில் நனைந்த மணல்குவியல் இறுகிக் கிடந்தது. கால் கடுக்க நின்றவள் வேறு வழியில்லாமல் அதன்மேல் உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு வலி வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

எழுந்து பார்த்தாள். மணலில் இரண்டே இரண்டு குழி, இரண்டு பக்கத்து இடுப்பெலும்பும் பதிந்த இடம். நடுவில் ஒன்றும் படவில்லை. குவியலைக் காலால் கிளறி, உள்ளே இருந்த காய்ந்த மணலில் உட்கார்ந்தாள். உடம்பு பொதபொதவென்று அமிழ்ந்தது. அமிழ்ந்ததும் அதே இடத்தில் அதே வலி.

மேலே சாரத்தில் நின்ற கொத்தனார் கத்தினார்: "என்னக்கா, எம் மணல்ல முட்டையா விடுறீங்க?"

"ஆமா, ரெண்டு விட்டிருக்கேன். மிதிச்சிராதே, அளக்கணும்."

இரண்டு குழிக்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தாள். மூன்று விரல் குறைய ஒரு சாண். கொத்தனாரின் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கு உருவி அந்த அளவுக்கு ஒடித்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள். இரண்டு மாதமாக எலும்பு இருக்கிற இடம் வேறு, சீட்டு இருக்கிற இடம் வேறு என்று சவாரி செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கியது. மெத்து போட்டவன் எல்லாம் எலும்பை இன்னும் ஆழமாகத் தொலைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

நாலாவது பாஹிங். சுங்கோனோ அவளைத் தூரத்தில் பார்த்ததுமே, "வந்துட்டாங்கப்பா என் லட்சுமி," என்று முனகினான். பக்கத்துச் சாக்கில் டயர் விற்கும் லாஸ்மோ சிரித்தான்.

பொனிரா சைக்கிளிலிருந்து கழற்றி வந்த களிம்புச் சீட்டை வைத்துவிட்டு, ஈர்க்கை எடுத்து ஒவ்வொரு சீட்டாகக் குறுக்கே வைத்து அளந்தாள். பத்தொன்பது சீட்டு. பாதி அகலம் போதாது. மீதியில் அகலம் இருக்கிறது, ஆனால் அமுங்குகிறது.

"என்னக்கா, சட்டை தைக்கவா அளவெடுக்கிறீங்க?" என்றான் லாஸ்மோ.

"உன் வாய்க்கு மூடி தைக்க. இந்த ஈர்க்கு பத்தாது."

அளந்து முடித்து நிமிர்ந்தபோதுதான் சுங்கோனோ எதன்மேல் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தாள். கவிழ்த்த மரப்பெட்டி. அதன்மேல் சைக்கிள் ரிக்‌ஷாக்காரனுடைய பழைய தோல் சீட்டு ஒன்று ஆணியடித்து இறுக்கியிருந்தது. கறுத்து, வழவழத்து, கட்டையாக இருந்தது.

"எந்திரி தம்பி."

"எதுக்கு?"

"எந்திரின்னா எந்திரியேன்."

எழுந்தான். அவள் ஈர்க்கை வைத்தாள். இருபக்கமும் ஒரு நூல் மிச்சம். பிறகு சந்தை பார்க்க, சேலைத்தலைப்பைச் சுற்றிக்கொள்வதுபோல் முக்காட்டை இறுக்கிக்கொண்டு, அவன் சீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழவில்லை.

"எத்தனை வருஷமா இதுல உக்காந்திருக்கே?"

"பன்னெண்டு."

"கொப்புளம் வந்துச்சா?"

"எனக்கெதுக்கு வருது?"

"அப்ப எனக்கு ஏன் பஞ்சு வித்தே?"

"கேக்குறதைத்தானே விக்க முடியும்! எல்லாரும் விரலால அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குறாங்க."

"நான் விரலால உக்காரலியே."

லாஸ்மோ டயர்மேல் விழுந்து சிரித்தான். அந்தப் பக்கம் மட்கார்டு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள்.

"இதைக் கழட்டிக் கொடு," என்றாள்.

"அக்கா, இது சரக்கில்ல, என் ஆசனம். விக்கிறதுக்கில்ல."

"சரி. அப்ப வரேன்," என்றாள், எழாமலே.

சுங்கோனோ கூரையைப் பார்த்தான். வெயில் இன்னும் ஏறவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து பெடல் ஒன்றைத் தூக்கி, "எவ்வளவு?" என்றார். சுங்கோனோவின் முகம் மலர்ந்தது. பொனிரா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "அண்ணே, நான் முந்தி வந்தவ. முந்தி வந்தவ வெறுங்கையோட போன கடையில வாங்குன பெடல் எத்தனை நாளைக்கு மிதிபடும்னு நீங்களே யோசிச்சுக்கங்க."

அவர் பெடலை மெதுவாக, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் சாக்கில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"ஒரு லட்சம்!" என்றான் சுங்கோனோ, குரல் உடைந்து.

"பன்னெண்டு வருஷம் தேஞ்சதுக்கா?"

"தேஞ்சதுதான்க்கா சொகமே!"

"இப்பதான் நெசம் பேசுறே. முப்பது. அதுல பதினஞ்சு மொத நாளே உங்கிட்ட குடுத்தாச்சு."

"எண்பது. நான் எதுல உக்காருவேன்?"

"பஞ்சு மாதிரி ஒண்ணு இந்தா திரும்பி வந்திருக்கே."

"அம்பது!"

"முப்பது. இல்லேன்னா சாயங்காலம்வரைக்கும் இப்படியே உக்காந்திருப்பேன். எனக்கு வலிக்கல."

அதில்தான் அவன் பணிந்தான். பூனை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு எழவேண்டிய அவசியம் இல்லை. சுங்கோனோ ஆணி பிடுங்கக் குறடு எடுத்தான். பதினைந்தாயிரத்தை வாங்கி எல்லாச் சாமான்களையும் தட்டும்போது, "போ, போ" என்று வாய் சொன்னது, கண் அந்தச் சீட்டைவிட்டு நகரவில்லை.

அவனே மாட்டியும் கொடுத்தான். சீட்டின் மூக்கை மேலே தூக்கி வைத்தான், எல்லாரும் வைக்கிறபடி. அவள் ஸ்பேனரைப் பிடுங்கி ஒரு விரல் அளவு கீழே இறக்கினாள். "வழுக்கிருவீங்க," என்றான். "வழுக்கினா என் பாடு," என்று ஏறி உட்கார்ந்தாள்.

சந்தையிலிருந்து வீட்டுக்குப் பதினொரு கிலோமீட்டர். மூன்றாவது கிலோமீட்டரில் வழக்கமாக இடுப்பைத் தூக்குவாள், தூக்கவில்லை. ஏழாவதில் வழக்கமாக இறங்குவாள். பாலத்து ஏற்றத்தில் கால் கெஞ்சியது. வாசலுக்கு இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் காப்பிக்கடைச் சுவர்தான் என்று நினைத்துக்கொண்டு மிதித்தாள். வலியே இல்லை என்று சொன்னால் பொய். வலி தொடையில் இருந்தது, உழைக்கிறவர்களுக்கு இருக்கவேண்டிய இடத்தில்.

வாசலில் ஜாத்மிகோவும் காப்பிக்கடைக்காரரும் நின்றார்கள். காப்பிக்கடைக்காரர் அளக்கும் நாடாகூடக் கொண்டுவந்திருந்தார், சுவருக்கு.

பொனிரா முற்றத்துக்குள் ஓட்டிக்கொண்டே வந்து, ஒரு காலை மட்டும் ஊன்றி, சீட்டிலேயே இருந்தாள்.

"இறங்குங்கம்மா, அவர் வந்திருக்கார்."

"எறங்குனா தள்ளிட்டு வந்தேன்னு சொல்லுவே. ரெத்னோ! பாட்டிலை எடுத்துட்டு வா."

காப்பிக்கடைக்காரர் சைக்கிளைச் சுற்றி வந்தார். "சீட்டு இதோடது இல்லையே. ரிக்‌ஷா சீட்டு. வண்டியோட அழகே போச்சு."

"அழகு செவுத்துக்குத்தான் வேணும் ஐயா. எனக்கு இன்னும் பதினேழு கிலோமீட்டர் போகணும்."

அவர் சிரித்துவிட்டார். ஜாத்மிகோ, "அம்மா, அதில்ல, ஒரு புது வண்டி தவணையில..." என்று ஆரம்பித்தான். ரெத்னோ பாட்டில்களைக் கூடையில் அடுக்கியபடியே, "அன்னிக்குப் பேசின பேச்சு என்ன?" என்று கேட்டாள். அவன் வாய் பாதியில் நின்றது. திறந்த வாய் வீணாவானேன் என்று பொனிரா ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினாள். பிறகு பட்டறைப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாள். எட்டரைக்கு இன்னும் நேரம் இருந்தது.

அன்றைய வியாபாரத்தில் வீட்டு வாசல் கணக்கு மட்டும் இப்படி: காப்பிக்கடைக்காரர், மஞ்சள்-புளி இரண்டு டம்ளர், எட்டாயிரம், ரொக்கம். மருமகன், சீந்தில் கசப்பு ஒரு டம்ளர், நாலாயிரம், பாக்கி.