இருளப்பனின் எலுமிச்சம்பழம்

போன வருடம் மலையேற்றப் பந்தயத்தில் இருளப்பனின் கார் நடுவழியில் நின்றது. என்ஜினுக்கு ஒயில் ஊற்ற மறந்தவன் அவன்தான். ஆனால் கூடியிருந்தவர்கள் முன்னால், "வண்டியில ஒரு கொறையும் இல்ல, ராஜலிங்கத்தோட கைதான் சரியில்ல" என்று என் பெயரைச் சொல்லிவிட்டான். அதன்பிறகு கெலிஓயாவில் என் கராஜை ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

இந்த வேலை தெரிந்த வேறு ஆள் கிடைக்காமல் இப்போது என்னிடமே வந்தான். டர்போ என்ஜினுக்குக் காற்று விடும் த்ரோட்டில் பாடியைப் பெரிதாகப் போட வேண்டுமாம். போட்டேன், ஒரு குறையும் வைக்காமல் போட்டேன். இனி லேசாக மிதித்தாலே கார் பாயும். எவனாக இருந்தாலும் அதைச் சொல்லித்தான் சாவி கொடுப்பேன். அவனுக்குச் சொல்லவில்லை.

காரை அவன் வீட்டு வாசலில் விட்டேன். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் அவன் வண்டி எடுக்க மாட்டான். சொந்தக்காரர்கள் ஓரமாகக் கூடி நிற்க, பழைய பழக்கத்தில் ஓங்கி மிதித்தான். பழத்தை நசுக்கிய கார் நிற்காமல் பாய்ந்து புதுக் கேட்டைப் பெயர்த்தது.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வண்டியில ஒரு கொறையும் இல்லண்ணே," என்றேன். "ஒங்க காலுதான் சரியில்ல."