எட்டுச் சுற்று

"கடைக்காரன் தாராளமான ஆளா இருக்கானே அண்ணே. அஞ்சு போல்ட்டு சும்மா குடுத்திருக்கான்" என்றார் வெல்டர். கையில் இருந்த அட்டைப் பெட்டியைக் குலுக்கிக் காட்டினார். நான் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் வண்டி பட்டறையை விட்டுக் கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். சக்கரத்தை ஹப்போடு பிடிக்கும் புதிய நீள ஸ்டட்டுகள் ஐந்து, எண்ணெய்த் தாளில் சுற்றியபடியே கிடந்தன. ஒரு சக்கரத்துக்கு ஐந்து, நான்குக்கு இருபது. பெட்டியில் வந்ததும் இருபதுதான். காலையில் நானே எண்ணினேன். கழற்றிய பழைய குட்டை ஸ்டட்டுகளை ஒரு காலி எண்ணெய் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அதைத் தரையில் கவிழ்த்தேன். பதினைந்து. மறுபடியும் எண்ணினேன். வெல்டரும் குந்தி உட்கார்ந்து விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை காலை ஒன்பது மணிக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் நானும் பக்கத்துக் கொட்டகை வெல்டரும் மட்டும்தான். இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். யாரோ எட்டு வருடம் ஓட்டியபின் இவரிடம் வந்தது. தாழ்வாக, அழகாகத்தான் இருக்கும். சக்கரங்கள் மட்டும் உள்ளே ஒடுங்கி நிற்கும். "கன்னம் ஒட்டிப்போன ஆள் மாதிரி இருக்குன்னு அவ சொல்லிட்டே இருப்பா மாமா" என்று சொல்லி ஸ்பேசர்களை எடுத்து மேஜையில் வைத்தார். பதினைந்து மில்லி கனத்தில் நான்கு அலுமினிய வட்டுகள். சக்கரத்துக்கும் அது உட்காரும் ஹப்புக்கும் நடுவே வைத்தால் சக்கரம் அந்த அளவு வெளியே வந்து நிற்கும். ஆனால் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டில் அதே பதினைந்து மில்லியை வட்டு தின்றுவிடும். நட்டு பிடிக்க மரை மிஞ்சாது. அதனால் பழையதைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றிவிட்டு, நீளமானதை இழுத்து உட்கார வைக்க வேண்டும். வட்டு வைப்பது ஐந்து நிமிடம். ஸ்டட் மாற்றுவதுதான் வேலை.

என் பட்டறையில் ஒரு விதி உண்டு. நட்டை முதலில் கையால்தான் சுற்ற வேண்டும், சுற்றும்போது எண்ண வேண்டும். எட்டுச் சுற்றுக்குக் குறைந்தால் வண்டி வாசலைத் தாண்டாது. பிறகு, குறித்த இறுக்கம் வந்ததும் சொடுக்கும் டார்க் ரெஞ்ச். அது சொடுக்கியதும், நட்டிலிருந்து சக்கரம் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. கோடு இழுத்துவிட்டால் அந்தச் சக்கரத்துக்கு நான் பொறுப்பு. "இவரு தண்ணி பாட்டில் மூடியக்கூட எட்டு சுத்து சுத்தாம விடமாட்டாரு" என்று வெல்டர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மாப்பிள்ளையிடமும் சொன்னார். கூடவே, "ரெண்டு பேர் வண்டில ஒரு ஆளா வந்திருக்கீங்க. பாப்பா எங்க மாப்பிள்ளை?" என்றும் கேட்டார்.

"அவளுக்கு வேலை" என்றார் மாப்பிள்ளை.

பின்சக்கரங்கள் இரண்டும் முடிந்தன. முன்னால் இடதும் முடிந்தது. மாப்பிள்ளை வாங்கி வந்திருந்தவை கறுப்பு நட்டுகள், தலை மூடியவை. அழகுக்கு நல்லது, ஸ்டட்டின் நுனி வெளியே தெரியாது. முன் வலது சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கைக் கம்பியில் தொங்கவிட்டு, டிஸ்க்கை எடுத்துக் கீழே வைத்தேன். சுத்தியல் கையில் இருந்தது. வெல்டர் டீ குடிக்கப் போயிருந்தார். மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். கோவப்படாதீங்க."

"கதவுல கீறல் தானே? அப்பவே பாத்துட்டேன்."

"அவ என்கூட இல்ல மாமா. அஞ்சு மாசமாச்சு."

ஒவ்வொரு ஞாயிறும் மகளிடம் போனில் பேசுகிறேன். அவர் எங்கம்மா என்பேன். குளிக்கிறார்பா, தூங்குறார்பா, கடைக்குப் போயிருக்கார்பா என்பாள். இரண்டு மாதம் முன்பு இந்த வண்டிக்கென்று ஒரு ஜோடி வைப்பர் வாங்கி அவளிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த ஞாயிறு, "மாட்டிட்டார்பா, நல்லாத் துடைக்குதாம்" என்றாள். நான் நிமிர்ந்து வண்டியின் கண்ணாடியைப் பார்த்தேன். பழைய வைப்பர்கள். ஒன்றில் ரப்பர் கிழிந்து தொங்கியது. காலையிலேயே அதைப் பார்த்தேன். சோம்பேறி, மாட்டிவிட்டு அடுத்த மாதமே கிழித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அத்தைக்குத் தெரியும்" என்றார் மாப்பிள்ளை. "உங்களுக்கு பிரஷர் இருக்குன்னு சொல்ல வேணாம்னாங்க. இன்னிக்கு ஒரு தடவை பேசலாம்னு அவதான் சொல்லியிருக்கா. மலை ரோட்ல கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். வண்டியப் பாத்தா சிரிப்பா மாமா. அதுக்குத்தான் இது."

சுத்தியலைக் கீழே வைத்திருப்பேன். அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது ரெஞ்சின் சொடுக்கு. ஐந்து முறை கேட்டது. மூன்று சுற்று மரையில் பிடித்தாலும் அது சொடுக்கும். எத்தனை சுற்று என்பது ரெஞ்சுக்குத் தெரியாது. மஞ்சள் கோடு இழுத்ததும் நினைவிருக்கிறது. எண்ணியது நினைவில்லை. அந்த நேரத்தில் அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. அதுவும் நினைவிருக்கிறது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. ஓட்டும்போது போன் எடுக்க மாட்டார். அந்த நல்ல பழக்கம் அவருக்கு உண்டு. மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன்.

"பாப்பா ரூம் எங்க இருக்கு?"

மறுமுனையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். எடத்த மட்டும் சொல்லு."

"பழைய போஸ்டாபீஸுக்குப் பின்னாடி" என்றாள். "பச்சை கேட்டு. மூணாவது மாடி. என்னங்க, அவங்கள ஒண்ணும் சொல்லிடாதீங்க."

வேனில் ஜாக்கியையும் சுத்தியலையும் ஸ்டட் பெட்டியையும் வெல்டரே தூக்கிப் போட்டார். "நானும் வரேன்" என்றார். அவர் கதவைத் திறப்பதற்குள் நான் கிளம்பிவிட்டேன். பதினைந்து நிமிட வழி. ஒவ்வொரு திருப்பத்திலும் சாலை ஓரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் கூட்டம் நின்றிருந்தது. வேகத்தைக் குறைத்தேன். பேருந்துக்கு நிற்கிறார்கள். இன்னோர் இடத்தில் பள்ளத்தில் ஒரு சக்கரம் கிடந்தது. லாரியுடையது, பழையது, நடுவில் புல் முளைத்திருந்தது. அதைத் தாண்டிய பிறகும் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சைக் கேட்டுக்கு முன்னால் மாப்பிள்ளையின் வண்டி நின்றது. சக்கரங்கள் வெளியே வந்து, பக்கவாட்டுத் தகரத்தோடு சமமாக, பார்க்க லட்சணமாக இருந்தது. உள்ளே ஆள் இல்லை. முன் வலது சக்கரத்தின் முன் உட்கார்ந்தேன். மஞ்சள் கோடுகள் ஐந்தும் நேராக இருந்தன. கை நடுங்கியிருந்தால் கோணியிருக்கும். நடுங்கவில்லை.

ஒவ்வொரு நட்டாகத் தளர்த்திவிட்டு, ஜாக்கி போட்டுத் தூக்கினேன். முதல் நட்டைக் கையால் திருகினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நட்டு உள்ளங்கையில் விழுந்தது. இரண்டாவதும் மூன்றுதான். மூன்றாவது இரண்டரை. நான்காவது சுற்றவே இல்லை. மரையோடு பிய்த்துக்கொண்டு வந்தது. ஐந்தாவதையும் கழற்றிச் சக்கரத்தை இறக்கிவிட்டு, பிய்ந்து வந்ததை மறுபடி கையில் எடுத்தேன். நட்டுக்குள் வெள்ளிச் சுருள்கள் தலைமுடிபோல இருந்தன.

"அப்பா?"

மகள் கேட்டுக்குள் நின்றிருந்தாள். கையில் பை இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை.

"நீங்க எப்படி இங்க..." என்று தொடங்கி நிறுத்தினாள். "அம்மா சொன்னாங்களா?"

நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். மாப்பிள்ளை குனிந்து நட்டைப் பார்த்தார், ஹப்பைப் பார்த்தார். குட்டை ஸ்டட்டுகள் வட்டின் துளைகளில் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவருக்கு வேலை தெரியாது. ஆனால் காலை முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

"இதுலயா மாமா நான் வந்தேன்?"

"ஆமா."

"நாங்க மலை ரோட்டுக்கு..." என்றவர், பின்னால் நகர்ந்து மதிலில் கை வைத்துக்கொண்டார்.

"நான்தான் வரமாட்டேன்னு கால் மணி நேரமா சொல்லிட்டிருந்தேன்" என்றாள் மகள், யாரிடம் என்றில்லாமல். "அதுக்குத்தான் சண்டை."

எங்கோ மாடியில் ஒருவர் தரைவிரிப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க விஷயத்த நான் சொன்ன நேரம் அது" என்றார் மாப்பிள்ளை. "சக்கரத்தக் கழட்டி வச்சிருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாது. என் தப்பு மாமா."

மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். "எட்டு சுத்து எண்ணாம நீங்க ஒரு சைக்கிளக்கூட விட்டதில்ல" என்றாள். "மறந்துட்டீங்களா?"

"தெரியலம்மா."

அவள் முகம் வெளுத்தது. பிறகு கேட்டைத் திறந்து வெளியே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு வாரமும்..."

"அப்புறம் சொல்லு. இப்ப இந்தக் கம்பியப் பிடி."

ஸ்டட்டை இழுக்கும்போது ஹப் கூடவே சுழலும். யாராவது கம்பி கொடுத்துத் தடுக்க வேண்டும். அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். பழையதை ஒவ்வொன்றாக அடித்து வெளியேற்றினேன். தார்ச்சாலையில் விழுந்து உருண்டவற்றை மாப்பிள்ளை பொறுக்கி, போட இடமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதியவற்றை எண்ணெய்த் தாளிலிருந்து பிரித்து இழுத்து உட்கார வைத்தேன். டிஸ்க், பிரேக், வட்டு, சக்கரம். பாழான நட்டுக்குப் பதிலாக வேனில் கிடந்த சாதாரண நட்டு ஒன்றை எடுத்தேன். நான்கு கறுப்பு, ஒன்று வெள்ளை.

கறுப்பு நட்டு ஒன்றைத் துளைக்கு நேரே கொண்டுபோனேன். விரல் அதற்குமேல் போகவில்லை. மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.

"நீங்க சுத்துங்க."

"நானா?"

"கையால. மெதுவா."

"யாரு எண்ணுறது?" என்றார்.

மாப்பிள்ளை முட்டி போட்டு உட்கார்ந்து நட்டைப் பொருத்தினார். விரல்கள் எண்ணெயில் வழுக்கின. சட்டைப் பைக்குள் பழைய ஸ்டட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நட்டு ஒரு முறை திரும்பியது.

"ஒண்ணு" என்றாள் மகள். கம்பி இன்னும் அவள் கையில் இருந்தது.

"ரெண்டு."

"மூணு" என்று சொல்லி நிறுத்தினாள். மாப்பிள்ளையும் நிறுத்தினார். மூன்று பேரும் நட்டையே பார்த்தோம். அவர் விரலை மாற்றிப் பிடித்துத் திருப்பினார். அது தடையில்லாமல் திரும்பியது.

"நாலு" என்றாள்.