ஓடைக்கு விட்ட இடம்

ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசலில் எழும்பிக்கொண்டிருந்த சோலார் நிலையத்துக்கு, தருவைகுளத்து ஜெப்ஸி சைட் இன்ஜினியராக வந்தபோது நிலத்தைச் சமப்படுத்தி முடித்திருந்தார்கள். குறுக்கே கிடந்த ஓடையையும் தூர்த்து அதன்மேல் பேனல்களை நிறுத்தியாயிற்று. அவள் மேலாளர் லிங்கராஜிடம் கேட்டாள்.

"எப்பவாவது தண்ணி வார ஓடைம்மா அது. வேலையப் பாரு" என்றார்.

அவளும் வேலையைப் பார்த்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மதியம், வேலிக்கு வடக்கே உளுந்து போட்டிருந்த செல்லத்தாய் நனைந்த சேலையோடு வாசலில் வந்து நின்றாள்.

"தண்ணி போக வழியில்லாம பூராம் எங்காட்டுல நிக்கி. நீயே வந்து பாரும்மா."

ஜெப்ஸி போய்ப் பார்த்தாள். பூவும் பிஞ்சுமாக இருந்த செடிகளின் நுனி மட்டுமே வெளியே தெரிந்தது. அங்கிருந்தே லிங்கராஜைப் போனில் பிடித்தாள்.

"சார், ஓடைய மூடுன இடத்த வெட்டிவிடணும்."

"வெட்டுனா மேல நிக்கிற பேனல் சரியும்லா? மழை விடட்டும்."

"அதுக்குள்ள பயிர் அழுகிரும் சார்."

"எங்கிட்ட கேட்டு வெட்டுனேன்னு சொல்லாத" என்று அவர் வைத்துவிட்டார்.

ஓடைத்தடத்துப் பேனல்களின் இணைப்பைத் துண்டித்து, முடிந்தவரை கழற்றவைத்தாள். ஜேசிபி ஓட்டும் கிங்ஸ்டன் தயங்கினான்.

"நாளைக்கு எம்மேல பழி வந்துராதேக்கா?"

"நாந்தான் சொன்னேன்னு சொல்லு. வெட்டுலே."

மண் திறந்ததும் தண்ணீர் சீறிப் பாய்ந்தது. கரை இடிந்து, கழற்றாமல் விட்ட இரண்டு வரிசைகள் கம்பியோடு சாய்ந்தன. கண்ணாடி நொறுங்கிய சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

மழை வெறித்தபோது மேட்டுப்பக்கத்து உளுந்து தப்பியிருந்தது. பள்ளத்தில் நின்றது அழுகிப்போயிற்று.

"முன்னாடியே வெட்டியிருந்தா முழுசும் பொழச்சிருக்கும்லா?" என்றாள் செல்லத்தாய். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"ஆமாக்கா" என்றாள் ஜெப்ஸி.

கம்பெனி விசாரித்தது, கண்டித்தது, கடைசியில் ஓடைக்கு இடம் விட்டு வரைபடத்தை மாற்றச் சொன்னது. நிலையம் ஓடத் தொடங்குவது தள்ளிப்போனது. லிங்கராஜ் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார். அது அவளை அவ்வளவாக உறுத்தவில்லை. முதல்நாள் கேட்டதோடு நிறுத்திக்கொண்டோமே என்பதுதான் உறுத்தியது.

ஓடைக்கரையில் புது வேலிக்கு அடையாளக் குச்சி ஊன்றும் வேலையை யாரிடமும் விடாமல் அவளே செய்தாள். வடக்கே செல்லத்தாய் பள்ளத்து நிலத்தை மறுபடி கொத்திக்கொண்டிருந்தாள். ஜெப்ஸி அந்தப்பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, ஊன்றிய குச்சியைப் பிடுங்கி, ஓடையை விட்டு நிலையத்துப் பக்கமாக இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஊன்றினாள்.