ஈயம் ஏறாத ஜாயின்ட்

தினமும் காலை ஆறு மணிக்குச் சமையலறைப் பரணில் குழாய் இரண்டு முறை தட்டும். என் கணவர் போன இந்த இரண்டு வருடமாக அப்படித்தான்.

அவர் பிளம்பர். பரணில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்து முடித்ததும் குழாயில் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் கீழே மெயின் வால்வைத் திறக்க வேண்டும். ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகுதான் இறங்குவார். இப்போதும் தட்டுக் கேட்டால் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவேன்.

"லூஸ் பைப் அண்ணி, வேற ஒண்ணுமில்ல," என்பான் கொழுந்தன். அவனும் பிளம்பர்தான். "அண்ணன் செம்புக் குழாய் மாத்திப் பாதியில விட்டதை முடிச்சிடலாம். மிச்ச இரும்புக் குழாயெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு."

தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அந்தச் சத்தமும் போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்? ஆனால் அந்த இரும்புக் குழாய் ஒழுகி, மகள் படுக்கிற அறைச் சுவர் வரை ஈரம் ஏறிவிட்டது. சரி என்றேன்.

இரண்டு செம்புக் குழாய்களை நீட்டினான். "தடிச்சதா, மெல்லிசா?"

நகத்தால் சுண்டிப் பார்த்தேன். "தடிச்சதுதான். உங்க அண்ணன் மெல்லிசைக் கையாலயும் தொடமாட்டார்."

"பொண்ணு பார்க்கப் போனப்பகூட இவ்வளவு சோதிக்கல அவரு."

"அதான் மாட்டிக்கிட்டார்," என்றேன். இருவரும் சிரித்தோம்.

மெயினை மூடிவிட்டுப் பரணில் ஏறியவன், கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான். குரலே சரியில்லை. ஏறிப் போனேன். ஒரு ஜாயின்ட் அவன் கையோடு கழன்று வந்திருந்தது. ஈயம் ஓடுவதற்காக உள்ளே தடவிய பசை பச்சையாகக் காய்ந்திருந்தது. ஈயமே இல்லை.

"அண்ணன் போன அன்னைக்கு வீடு நிறைய ஆளுங்க. தண்ணி வேணும்னு நான்தான் மெயினைத் திறந்தேன். ஜாயின்டைப் பார்க்கணும்னு தோணவே இல்ல. இது எப்படி அண்ணி ஒரு சொட்டு ஒழுகாம நின்னுச்சு?"

அதற்கு முந்தின ராத்திரி அவர், "ஒரே ஒரு ஜாயின்ட், வந்துடறேன்" என்றார். "அந்தக் குழாயையே கல்யாணம் கட்டியிருக்கலாமே!" என்று கத்தினேன். பற்றவைக்கும் டார்ச்சை அணைத்துவிட்டு வந்து சாப்பிட்டார். படுத்தார். எழவில்லை.

"குடு தம்பி. நான் வைக்கிறேன்."

அவன் மறுக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பசை தடவினான். "ஈரம் இருந்தா ஈயம் ஓடாது. தண்ணி விட்டா இது கரைஞ்சு வந்துடும்" என்று ரொட்டியை உருண்டையாக்கி, குழாய்க்குள் கசிகிற பக்கம் திணித்தான். செம்பு சூடேறியதும் ஈயக் கம்பியைத் தொட்டேன். வெள்ளி வளையம் போல அது தானாகவே சுற்றி ஓடியது.

இருவரும் கீழே இறங்கினோம். யாருமில்லாத பரணில் குழாய் இரண்டு முறை தட்டியது.

"அண்ணி, உள்ள தண்ணியே இல்லையே!" கொழுந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நான் வால்வைத் திறந்தேன். சமையலறைக் குழாயில் முதலில் ரொட்டித் துகள் வந்தது. பிறகு தெளிந்த தண்ணீர். மேலே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு விழித்துக் காத்திருந்தேன். ஏழு மணி வரை படுத்தே கிடந்தேன். பிறகு எழுந்துபோய் நானாகவே குழாயைத் திறந்தேன்.