விழாத மூடி

விடிவதற்கு முன்பே தொட்டித் தண்ணீர் முனகத் தொடங்கிவிடும். நான் கம்பிக்கூடையை உள்ளே இறக்கி, ஆவிக்குள் முகத்தைக் கொடுத்து, காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பேன். கூடைக்குள் கிடப்பவை தீயணைக்கும் தெளிப்பான்கள், கூரையில் பதிக்கிற பித்தளைத் தலைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கும், அதற்குள் சிவப்புத் திரவம். நெருப்பின் சூடு பட்டால் திரவம் விரிந்து குப்பி வெடிக்க வேண்டும். வெடித்தால்தான் அடைப்புக் கழன்று தண்ணீர் கொட்டும். பெட்டிக்குச் சிலதாக எடுத்து வெந்நீரில் போட்டு, சரியான சூட்டில் வெடிக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பார்ப்பது என்பது பேச்சுக்குத்தான். அந்த ஆவியில் என் மூக்கே எனக்குத் தெரியாது. காதால்தான் கேட்க வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம், யாரோ நகம் கடித்த மாதிரி. அதற்காகவே கம்பெனி முழுக்க எனக்குக் 'காது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில்தான் பார்க்கலாம்.

வெந்நீரில் ஊறி ஊறி என் விரல்களில் ரேகை அழிந்துவிட்டது. வாசலில் புதிதாக மாட்டியிருக்கும் வருகைப் பதிவு மெஷினில் விரலை வைத்தால், ஆள் யாரென்று தெரியவில்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டும். வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிடுவார். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

தங்கச்சி பக்கத்து பேக்கிங் கூடத்தில் பெட்டி மடித்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். காண்ட்ராக்ட் ஆள், அடையாள அட்டை கிடையாது. காலையில் என் அறையைத் தாண்டிப் போகும்போது தலையை மட்டும் உள்ளே நீட்டுவாள்.

"வெடிச்சிடுச்சாக்கா?"

"இருடி, சூடு ஏறட்டும்."

தினமும் அதே கேள்வி, அதே பதில். ஏதோ அன்றைக்குத்தான் புதிதாகக் கேட்டவள் போலச் சிரித்துவிட்டு ஓடுவாள். அவள் செத்த பிறகும் கேட்கிறாள். நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனால் கூடையை இறக்கியதும் முதுகுக்குப் பின்னால், கதவுப் பக்கமிருந்து, அந்தக் குரல் வருகிறது. திரும்பிப் பார்த்தால் ஆவிதான் இருக்கும். நான் பதில் சொல்வதில்லை. என்ன சொல்வது?

பேக்கிங் கூடத்தின் கூரையில் எங்கள் கம்பெனியின் புது மாதிரியைத்தான் பதித்திருந்தார்கள். அதில் தெளிப்பான் வெளியே தெரியாது. கூரையோடு கூரையாக ஒரு தட்டை மூடி மட்டும் தெரியும். பெரிய ஹோட்டல்காரர்களுக்கு அழகு முக்கியமாம். சூடு பட்டால் முதலில் மூடி விழ வேண்டும், அப்புறம் குப்பி வெடிக்க வேண்டும். அன்றைக்கு அட்டையும் தெர்மோகோலும் பற்றிக்கொண்டபோது மூடி சூட்டில் நெளிந்து, கூரையை இறுகப் பிடித்துக்கொண்டது. ஒன்றுகூட விழவில்லை. தெளிப்பான் செய்கிற கம்பெனியிலேயே ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. புகை எங்களை உள்ளே விடவில்லை. நான் இந்தப் பக்கச் சுவரை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து எல்லாச் சத்தமும் கேட்டது. 'டிக்' மட்டும் கேட்கவில்லை.

மூன்று பேர் போனார்கள். என் தங்கச்சி, வெல்டரின் மனைவி, கூடத்தைப் பெருக்குகிற பெரியவர். மூன்று பேருமே காண்ட்ராக்ட். நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் ஆபீசுக்குப் போனபோது முதலாளி அங்கே கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார்: "இவங்க எங்க ஆளுங்க இல்லை. அனுமதி இல்லாம உள்ளே வந்தவங்க. சாமானைத் தூக்கிட்டுப் போக வந்தாங்களோ என்னவோ." பக்கத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவள் தங்கச்சியின் துணிகளை மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருக்கிறாள். "என் பொண்ணு திருடியாடி?" என்று எப்போதாவது கேட்பாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அதற்கப்புறம் எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் உட்காருவதற்கு முன்னால் கூரையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிடுவோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அப்படி ஒரு காலையில், விளக்குகூட அணைக்காத நேரத்தில், முதலாளியே என் அறைக்கு வந்தார். வாசனைத் தைல மணம் முதலில் வந்தது. அவரும் அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருப்பதைப் பார்த்து எனக்கு என்னவோ போலிருந்தது.

"என்னம்மா, அம்மா நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"உன் தங்கச்சியை நினைக்காத நாளில்லை. நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி."

நான் கூடையைத் தூக்கித் தண்ணீரை வடித்தேன். அவரே விஷயத்துக்கு வரட்டும் என்று இருந்தேன். வந்தார்.

"நம்ம புது மாதிரிக்கு பேட்டன்ட் கேட்டிருக்கேன். கிடைச்சா நாடு பூரா நாம மட்டும்தான் செய்யலாம். அங்கே பரிசோதிக்கிற அம்மா விபத்துச் செய்தியைப் பார்த்துட்டு ஒரு கேள்வி போட்டிருக்கு. நாம மனு போடறதுக்கு முந்தியே அந்தக் கூடத்துல இதை மாட்டியிருந்தீங்களாமே, வெளியாளுங்க பார்த்தாங்களான்னு. வெளியாள் பார்த்துட்டா அது புதுசு இல்லையாம், பேட்டன்ட் கிடையாதாம். நம்ம ஆளுங்களே, வெளியே சொல்ல மாட்டோம்னு ஒத்துக்கிட்டுப் பார்த்திருந்தா பரவாயில்லை."

"அதுக்கு?"

"ஒண்ணுமில்லை. கூடத்துல இருந்தவங்க எல்லாரும் கம்பெனி ஆளுங்க, ரகசியம் காக்கறதா சொல்லியிருந்தாங்கன்னு நீங்க எல்லாரும் ஒரு கையெழுத்துப் போடணும். உன் தங்கச்சி பேரையும் கம்பெனி ஆள்னே போட்டிருக்கேன்."

கூடையைக் கீழே வைத்தேன். கம்பெனி ஆள். அம்மா சோறு தண்ணியில்லாமல் காத்துக்கிடக்கும் அந்த ஒரு வார்த்தை, இவர் சட்டைப் பைக்குள் மடித்து இருக்கிறது.

"தொழிலாளர் ஆபீஸ்லயும் இதையே சொல்வீங்களா?"

"அது வேற ஆபீஸ்மா."

"செத்தது அதே ஆளுங்கதானே?"

"இதை அதோட போட்டுக் குழப்பாதே. இந்தப் பேப்பர் இந்த ஆபீசுக்கு மட்டும்."

"இந்தக் காதுலயா பூ சுத்தறீங்க?" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "சரி, அந்த மூடியை மாத்திட்டீங்களா?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "வடிவத்தை மாத்தினா மனுவை முதல்ல இருந்து போடணும்மா. பேட்டன்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

அவர் போன பின்பும் தைல மணம் போகவில்லை. எந்த ஊரிலோ, எந்தக் கட்டிடத்திலோ, யாரோ ஒருத்தி பெட்டி மடித்துக்கொண்டிருப்பாள். அவள் தலைக்கு மேலும் அதே தட்டை மூடி இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். முழுதும் கேட்பதற்குள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போட்டுடுடி. கம்பெனி ஆளுன்னு எழுதறாங்கல்ல? போட்டுடு."

"அந்த ஆபீஸ்ல மட்டும்தாம்மா. தொழிலாளர் ஆபீஸ்ல மாத்திச் சொல்ல மாட்டாராம்."

அம்மா மெதுவாகக் கையை விட்டாள். மடியில் தங்கச்சியின் நீலத் தாவணி இருந்தது. அதைத் தடவினாள்.

"அப்போ அங்கே இவ திருடியாவேதான் இருப்பாளா?"

மறுநாள் டீ இடைவேளையில் லேத் பட்டறைக்குப் பின்னால் கூடினோம். இரும்புத்தூளும் எண்ணெயும் மணக்கிற இடம். லேத் அண்ணன்தான் சங்கத்துக்குத் தலைவர். வாயில் எப்போதும் சளசளவென்று பேச்சும் கையில் எண்ணெய்த் துணியும் இருக்கும். அன்றைக்குத் துணி மட்டும்தான் இருந்தது.

"நேத்து அந்த பேட்டன்ட் ஆபீசுக்குப் போய் விசாரிச்சேன்," என்றார். "ஆட்சேபம் சொல்லணும்னா பெரிய ஆளா இருக்கணும்னு இல்லையாம். யார் வேணாலும் எழுதிக் கொடுக்கலாமாம். விசாரணைக்கு வந்து பேசலாமாம்."

"பேசிட்டு வந்தா கம்பெனி கேட் திறந்திருக்குமா?" என்று பேக்கிங்கில் மிஞ்சிய ஒருத்தி கேட்டாள். "எனக்கு வீட்டு வாடகை ஏறிக்கிட்டே போகுது அண்ணே. வீரம் பேசி உலை கொதிக்காது."

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் கேட்டது எல்லோர் வயிற்றிலும் இருந்த கேள்விதான். வெல்டர் ஒரு ஓரமாகக் குந்தியிருந்தார். மனைவி போன பிறகு அவர் பேசி யாரும் கேட்டதில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"ராத்திரி படுத்தா அவ கேக்கறா. கேட்ல என்னை உள்ளே விடறப்ப ஆளா இருந்தேன், எரியறப்ப எப்படிய்யா அந்நியமானேன்னு கேக்கறா. எனக்குப் பதில் தெரியலை." அவர் மூக்கைச் சிந்தினார். "நான் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

வாடகை பற்றிக் கேட்டவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் மட்டும் என்ன, வரலைன்னா சொன்னேன்?" என்று சிடுசிடுத்தாள். லேத் அண்ணன் எண்ணெய்த் துணியால் கண்ணைத் துடைத்து, கண் எரிந்து, எல்லோரிடமும் திட்டு வாங்கினார். அழுகிற நேரத்தில் சிரித்துத் தொலைத்தோம். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் போவது என்று முடிவானது. யாரும் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடவில்லை.

விசாரணை நாளன்று காலையில் தொட்டியின் ஹீட்டரை நான் போடவில்லை. தண்ணீர் சில்லென்று கிடந்தது. அந்த அறை அத்தனை நிசப்தமாக இருந்து நான் பார்த்ததேயில்லை.

பேட்டன்ட் ஆபீசின் விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் பரிசோதனை அதிகாரி, களைத்த முகத்துடன் ஓர் அம்மா. இந்தப் பக்கம் முதலாளியும் அவருடைய வக்கீலும். நாங்கள் உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல எல்லோரும் ஒரேயடியாகக் கூரையை அண்ணாந்து பார்த்தோம். அதிகாரியம்மா எங்களைப் பார்த்தார், பிறகு தானும் மேலே பார்த்தார். அங்கே ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"முதல்லயே சொல்லிடறேன்," என்றார் அந்த அம்மா. குரலில் கோபமில்லை. "இது வேலை செஞ்சுதா, யார் மேல தப்பு, இதையெல்லாம் தீர்மானிக்கிற இடம் இது இல்லை. இது புதுசான்னுதான் நான் பார்க்கணும். மனு போடறதுக்கு முந்தியே இது அந்தக் கூடத்துல இருந்ததா?"

"சோதனைக்காக மாட்டியிருந்தோம்," என்றார் வக்கீல். "அங்கே போனவங்க எல்லாரும் கம்பெனியின் பணியாளர்கள். ரகசியம் காக்கக் கடமைப்பட்டவங்க. வெளியார் ஒருத்தரும் பார்க்கலை."

"விபத்துல இறந்த மூணு பேர்?"

வக்கீல் முதலாளியைப் பார்த்தார். முதலாளியின் பார்வை மேசையிலேயே இருந்தது. தலை மட்டும் லேசாக அசைந்தது.

"அவங்களும் பணியாளர்கள்தான்," என்றார் வக்கீல்.

அதிகாரியம்மா எழுதிக்கொண்டார். நான் எழுந்து பேசுவதாக ஏற்பாடு. பேச வேண்டியதைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் அம்மா எழுந்துவிட்டாள். நீலத் தாவணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள்.

"தாயே, இப்ப எழுதினதை ஒரு தடவை படிச்சுக் காட்டறீங்களா?"

அதிகாரியம்மா தாளைத் தன் பக்கம் நகர்த்தினார். பிறகு படித்தார். "இறந்த மூவரும் கம்பெனியின் பணியாளர்கள் என்று மனுதாரர் தரப்பில் கூறப்பட்டது."

"இன்னொரு தடவை."

படித்தார். அம்மா உதட்டை அசைத்து அதைக் கூடவே சொன்னாள். வெல்டர் சுவரில் நெற்றியை வைத்து அழுதார்.

அப்போதுதான் நான் அதிகாரியிடம் பேசினேன். "அம்மா, தொழிலாளர் ஆபீஸ்ல முதலாளி தரப்புல, செத்தவங்க எங்க ஆளுங்களே இல்லை, திருட வந்த வெளியாளுங்கன்னு சொல்லியிருக்காங்க. எங்க ஆட்சேபம் அதுதான். கம்பெனி ஆளுங்கன்னா அங்கேயும் ஒத்துக்கட்டும். வெளியாளுங்கன்னா, வெளியாளுங்க இதைப் பார்த்திருக்காங்க. அவங்க கடைசியா பார்த்ததே இதைத்தான்."

முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அது வேற கேஸ்! இதுல அதை எப்படிக் கொண்டுவரலாம்? அந்த வரியை அடிச்சிடுங்க."

"அடிக்கிறேன்," என்றார் அதிகாரியம்மா. "என்னன்னு மாத்தி எழுதட்டும்? வெளியாளுங்கன்னா?"

முதலாளி வாயைத் திறந்து மூடினார். வக்கீல் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் மெதுவாக உட்கார்ந்தார். நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தோம். யார் முதலில் எழுந்தது என்று தெரியாது. என் பின்னால் கதவுப் பக்கம் இன்னும் மூன்று பேர் நிற்பதாக எனக்குத் தோன்றியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பதில் எழுத்துல வரட்டும். அதுவரைக்கும் இந்த வரி அப்படியே இருக்கும்," என்று சொல்லி அந்த அம்மா ஃபைலை மூடினார். விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. மறுப்போ அனுமதியோ எதுவும் தரப்படவில்லை. அந்த வரியின் நகல் வேண்டும் என்று லேத் அண்ணன் அங்கேயே எழுதிக் கொடுத்தார். தொழிலாளர் ஆபீஸ் அதை ஏற்றுக்கொள்ளுமா என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் விடிகாலையில் கம்பெனி வாசலில் பூட்டுத் தொங்கியது. வாட்ச்மேன் கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தார். விரலை வைக்கும் மெஷினைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. வாடகைக்குப் பயந்தவள் தரையில் சாக்கை விரித்து முதல் ஆளாக உட்கார்ந்தாள். அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், வெல்டர் அம்மாவுக்குப் பக்கத்தில். பக்கத்துக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் சைக்கிளை நிறுத்தி என்ன விஷயம் என்று கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் நின்றுவிட்டார்கள்.

கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. எனக்கு இரண்டு பக்கமும் தோள்கள் இடித்துக்கொண்டிருந்தன. அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து, அதே இடத்திலிருந்து, அதே குரல் வந்தது.

"வெடிச்சிடுச்சாக்கா?"

இத்தனை நாள் சொல்லாத பதிலை அன்றைக்குச் சொன்னேன், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

"இன்னும் இல்லடி. சூடு ஏறிக்கிட்டிருக்கு."