கூண்டுக்குள் கை

கொசுக்கூண்டுக்குள் கையை விட்டுவிட்டால் சொறியக் கூடாது, உதறக் கூடாது, தும்மல் வந்தால்கூடத் தோள் அசையாமல் தும்ம வேண்டும். நான்கு வருடத்தில் வார்த்தினிக்கு அதெல்லாம் கைவந்த கலையாகிவிட்டது. வலைத்துணிக் கூண்டின் துவாரத்தில் முழங்கைவரை நுழைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த டிவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். எள்ளைக் கொட்டியதுபோல் கொசுக்கள் அவள் கையை மூடியிருந்தன.

"கடிக்கிறதெல்லாம் பொம்பளைக் கொசுதான். ஆம்பளைக் கொசு மூலையில சும்மா தொங்குது பாரு, அப்படியே என் வீட்டுக்காரன்" என்றாள் பக்கத்துக் கூண்டுக்குக் கை கொடுத்திருந்த முர்னி.

"உன்னோடதாவது வீட்டு மூலையில தொங்குது. என்னோடது மலேசியா தோட்டத்துக்குப் போய்த் தொங்குது. ஒரு போன் கிடையாது" என்றாள் வார்த்தினி.

வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள், கையை மட்டும் அசைக்காமல்.

டெங்குவை ஒழிக்க வந்த ஆராய்ச்சி நிலையம் அது. அங்கே கொசுவைக் கொல்வதில்லை, வளர்ப்பார்கள். அந்தக் கொசுவின் உடம்பில் ஒரு நல்ல கிருமி உண்டு. அது இருக்கும்வரை டெங்கு அதில் ஒட்டாது. முட்டைகளை வாளியில் போட்டு வீடுவீடாக வைத்துவிட்டு வருவார்கள். கொசு முட்டையிட மனித ரத்தம் வேண்டும், அதைக் கூலிக்குக் கொடுக்கக் கடலோரத்துக் கராங்சாரிக் குப்பத்துப் பெண்கள் இருந்தார்கள். பலன் இல்லாமல் இல்லை. வார்த்தினியின் தெருவில் இரண்டு மழைக்காலமாக ஒரு பிள்ளைகூட டெங்குவில் சாகவில்லை. வாளி வைக்க வருகிறவர்களிடம், "என் ரத்தம்யா இதுல இருக்கு, பாத்து வைங்க" என்று பெருமையாகச் சொல்வாள்.

ஆனால் கண்டிப்பு அதிகம். வாசனைச் சோப்பு ஆகாது, தைலம் ஆகாது, காய்ச்சலோடு உள்ளே வரக் கூடாது. முக்கியமாக, புண் ஆற்றுகிற மாத்திரை கூடவே கூடாது. அது ரத்தத்தோடு போய்க் கொசுவின் நல்ல கிருமியையும் கொன்றுவிடும். மாத்திரை போட்டவள் இரண்டு மாதம் வேலைக்கு வராமல் நின்றுகொள்ள வேண்டும். அதற்குள் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள். வாசல் பெஞ்சில் எந்த நேரமும் நாலைந்து பெண்கள் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கடல் தெருவுக்குள் ஏறி வருவது கராங்சாரியில் வாராவாரம் நடப்பது. அப்படி வந்த தண்ணீரில் நடக்கும்போது வார்த்தினியின் குதிகாலில் சிப்பி கிழித்தது. உப்புத் தண்ணீரில் தானே ஆறிவிடும் என்று விட்டுவிட்டாள். ஆறவில்லை, கணுக்கால்வரை சிவந்து வீங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு அட்டை மாத்திரை கொடுத்து, ஒரு வேளைகூட விடாமல் போடச் சொன்னாள். வார்த்தினி அதைப் பிரிக்காமல் அரிசி டப்பாவுக்குள் செருகி வைத்தாள்.

அரிசி எடுக்கப் போன மகள் லஸ்த்ரி கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏம்மா போடல?"

"போட்டா அங்க செத்துப்போயிடும்டி."

"எது?"

"கொசு உடம்புல இருக்கிற கிருமி."

"அது சாகக் கூடாது, நீ சாகலாமா?"

"வாயைக் கழுவு. வெத்தலை அரைச்சுக் கட்டியிருக்கேன், ஆறிடும். நீ படிப்பை முடிச்சு ஒரு ஆபீஸ்ல போய் உக்கார்ற வரைக்கும் என் இடம் போகக் கூடாது. போனா அந்த பெஞ்சுல நீதான் போய் உக்காரணும். உன் கை கம்ப்யூட்டர் தட்டட்டும். கூண்டுக்குள்ள போக வேணாம்."

லஸ்த்ரிக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. தொழிற்பள்ளியில் கணக்குப் பிரிவில் கடைசி வருடம். அம்மா புள்ளி புள்ளியாகத் தடித்த கையால் அரிசி களைவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அட்டையைத் திரும்பவும் டப்பாவுக்குள் வைத்தாள்.

காய்ச்சல் வந்தது. முர்னி வந்து வார்த்தினியைக் குப்புறப் படுக்க வைத்து, தைலம் தடவி, நாணயத்தால் முதுகை வரிவரியாகச் சிவக்கச் சுரண்டினாள். காற்று உடம்புக்குள் புகுந்தால் அப்படித்தான் எடுப்பார்கள். கைகளை மட்டும் தொடவில்லை, தைல வாசனை பட்ட கையில் கொசு உட்காராது.

மறுநாள் நிலையத்து வாசலுக்கு முன்னால் சர்பத் கடையில் ஐஸ் பொட்டலம் ஒன்று வாங்கி நெற்றியில் அழுத்திக்கொண்டாள் வார்த்தினி. காவலாளி நெற்றிக்கு நேரே காட்டிய காய்ச்சல் கருவி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கையை விட்டதுதான் தாமதம், கொசுக்கள் அப்படி ஒரு ஆவேசமாக வந்து அப்பின. சூடான உடம்பென்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம்.

மேற்பார்வையாளர் ஹார்யோ குனிந்து கூண்டுக்குள் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. பெண்களை அதட்டிப் பேசமாட்டார், பண்டிகைக்குத் தன் கைக்காசில் பலகாரம் வாங்கித் தருவார்.

"அடடா, ஒண்ணுவிடாம வயிறு முட்டக் குடிச்சிருக்கே! எல்லாரும் வந்து பாருங்க. வேலைன்னா வார்த்தினி மாதிரி இருக்கணும்."

வார்த்தினி சிரித்தாள். காய்ச்சல் குளிரில் பற்கள் கிட்டின. அவர் நகர்ந்ததும் முர்னி கிசுகிசுத்தாள்.

"அக்கா, சொல்லிடுக்கா. உன் கால் நாறுது."

"உன் மூக்கைப் பொத்திக்க."

அந்த வாரம் முழுவதும் ஐஸ் பொட்டலத்தோடு வந்தாள். வெள்ளிக்கிழமை நாடகத்தில் மாமியார்க்காரி மருமகளை வீட்டை விட்டுத் துரத்திக்கொண்டிருந்தபோது வார்த்தினியின் தலை மெல்லச் சாய்ந்தது. நாற்காலியோடு சரிந்தாள். கை கூண்டுக்குள்ளேயே இருந்ததால் கூண்டும் மேசை விளிம்புக்கு இழுபட்டது.

"கூண்டு! கூண்டைப் பிடிங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார் ஹார்யோ. விழாமல் பிடித்தும் விட்டார். ஒரு கொசுகூட வெளியே போகவில்லை. வார்த்தினியின் தலை தரையில் மோதிய சத்தம் முர்னிக்குத்தான் கேட்டது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் வார்த்தினியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது கால்மாட்டில் ஓர் இளம் டாக்டர் நின்றுகொண்டிருந்தான்.

"சக்கரை இவ்வளவு ஏறியிருக்கேம்மா. பல வருஷமா இருந்திருக்கும். யாரும் சொல்லலியா?"

"இல்ல டாக்டர்."

"மாசாமாசம் அங்க ரத்தம் எடுத்துப் பாக்கறாங்கன்னு உங்க பொண்ணு சொன்னாளே?"

"பாப்பாங்க. கொசுவுக்கு ஆகாதது ஏதாவது இருக்கான்னு பாப்பாங்க."

டாக்டர் கட்டிலில் தொங்கிய அட்டையில் எதையோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனான்.

மூன்றாம் நாள் மாலை ஹார்யோ வந்தார். ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலில் வைத்தார். ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் பாதியிலேயே தட்டையாகியும் கிடந்த போர்வையை அவரால் பார்க்க முடியவில்லை. வார்த்தினியின் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துப் பாட்டிலைப் பார்த்தார்.

"புண்ணுக்குத்தானே?"

"ஆமா சார். இது முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு வந்துடறேன் சார். உக்காந்து செய்யற வேலைதானே, கால் எதுக்கு?"

ஹார்யோவின் கண் கலங்கிவிட்டது. பாசாங்கில்லை, நிஜமாகவே கலங்கியது. "இடத்தைக் காலியா வைக்க முடியாதும்மா. கொசு பட்டினி கிடக்காது. பெஞ்சுல இருக்கிறவங்க சண்டை போடறாங்க. குடும்பத்து ஆளுன்னா நான் மேல பேசிப் பாக்கலாம்."

லஸ்த்ரி அம்மாவின் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வை அவள்மேல் வந்து நின்றது.

"பாப்பாவுக்குப் பதினெட்டு ஆயிடுச்சில்ல? சமீபத்துல மாத்திரை ஏதாவது சாப்பிட்டியாம்மா?"

லஸ்த்ரி அம்மாவைப் பார்த்தாள். 'சாப்பிட்டேன்' என்ற ஒரு பொய் போதும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. வார்த்தினி கண்களை மூடிக்கொண்டாள். வீட்டில் அரிசி டப்பா காலி, அந்த அட்டை மட்டும்தான் அதில் மிச்சம்.

"இல்ல சார். அவ எந்த மாத்திரையும் சாப்பிட்டதில்ல. நல்ல ரத்தம்" என்றாள்.

"அப்ப நாளைக்குக் காலையிலேயே வந்துடட்டும். வாசனை மட்டும் எதுவும் இருக்கக் கூடாது."

அவர் போன பிறகு லஸ்த்ரி எழுந்தாள். வார்டுக் கோடியில் இருந்த குழாயைத் திறந்து, வெறும் தண்ணீரில் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். தைல வாசனை போகவில்லை. ஒரு தடிப்பும் இல்லாத அந்தக் கைகளை மறுபடியும் குழாய்க்கு அடியில் நீட்டினாள்.